இரும்புத் துண்டின் பூர்வீகம்

ஓர் இசைக்கருவியைப் பற்றிப் பேச்செடுத்தவுடன் நம் சூழலில் எழும் முதல் கேள்வி, ‘இது முதலில் எங்கே தோன்றியது?’ என்பதுதான். கேட்பவர்கள் பெரும்பாலும் விடையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கிறார்கள். ஹவாய் கிதார் குறித்த உரையாடல்களில் இதைத் தொடர்ந்து கவனித்து வருகிறேன். கிதாரை மடியில் கிடத்தி, விரலால் தந்தியை அழுத்தாமல், ஓர் உருக்குத் துண்டைத் தந்திகளின்மேல் வழுக்கிச் செல்லவிட்டு வாசிக்கும் முறை அது. யாரேனும் அதைச் சிலாகித்தால், ‘நம் கோட்டுவாத்தியம்தானே, இங்கிருந்து போனது’ என்று ஒரு குரல் எழுந்துவிடும். அந்தக் குரலோடு எனக்கு உடன்பாடில்லை.

அந்தக் குரலுக்கு முகாந்திரமே இல்லை என்று சொல்லமாட்டேன். தந்திமீது துண்டொன்றை நகர்த்தி வாசிக்கும் ஏகதந்திரி வீணையை 13ஆம் நூற்றாண்டின் சங்கீத ரத்னாகரமே விவரிக்கிறது. கேப்ரியல் டேவியன் என்ற இந்தியர் 1880களில் ஹொனலுலுவில் இவ்வாறு வாசித்தார் என்று ஒரு செய்தியும் வழங்கிவருகிறது. ஆனால் அந்த ஒற்றைச் செய்தியைக் கொண்டு ஒரு மரபின் பிறப்பைத் தீர்மானிப்பது, தனிப்பாடல் கதைகளை நம்பிக் கம்பனின் வாழ்க்கை வரலாற்றை எழுதுவதற்கு ஒப்பானது.

மறுபக்கம் இருப்பவர் ஜோசப் கெகூகூ. 1874இல் பிறந்தவர், ஓஆஹு தீவின் லாயியே என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர். பள்ளி மாணவனாக இருந்தபோதே இரும்புத் துண்டால் தந்தியை வருடிப் பார்த்து, பல்லாண்டுப் பயிற்சியில் அதை ஒரு வாசிப்பு முறையாக வளர்த்தெடுத்தவர் என்பது ஹவாய் மக்களின் நினைவு. ஜான் டிரௌட்மன் 2016இல் வெளியிட்ட விரிவான ஆய்வுநூலும் இந்தப் பெருமையை அவருக்கே அளிக்கிறது.

அந்த ஆண்டுகளில் ஹவாயில் வேறு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1893இல் அரசி லிலியுவோகலானியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1896இல் ஆங்கிலமே பள்ளிகளின் பயிற்றுமொழி என்று சட்டம் வந்தது. 1898இல் தீவுகள் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டன. ஆட்சியையும் பள்ளியில் தாய்மொழியையும் இழந்த ஒரு சிறிய மக்கள்கூட்டம் அதே காலத்தில் உலகுக்குக் கொடுத்த ஓசை இது. மொழிக்காகப் போராடியதைத் தன் வரலாற்றின் பெருமையாகக் கருதும் நாம், அவர்களிடமிருந்து இந்த ஒன்றையும் ‘எங்களுடையது’ என்று பறித்துக்கொள்வது முறையா?

1904இல் கெகூகூ தீவை விட்டு அமெரிக்கப் பெருநிலத்துக்குச் சென்றார். 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பெரும் கண்காட்சியில் ஹவாய் இசை அமெரிக்கர்களைப் பித்துக்கொள்ள வைத்தது. நடன அரங்குகளின் இரைச்சலிலோ கிதாரின் ஒலி எடுபடவில்லை. இக்குறையைத் தீர்க்கும்படி, தானே ஹவாய் பாணியில் வாசித்துவந்த ஜார்ஜ் போஷாம்ப் கேட்டுக்கொண்டதன் பேரில், லாஸ் ஏஞ்சலிஸில் குடியேறியிருந்த ஸ்லோவாக்கியரான ஜான் டோப்யெரா, உலோக உடலுக்குள் மூன்று மெல்லிய அலுமினியக் கூம்புகளைப் பொருத்தி, தந்தியின் அதிர்வை ஒலிபெருக்கியைப் போல வெளித்தள்ளும் கிதாரைச் செய்தார். 1927இல் ‘நேஷனல்’ என்ற பெயரில் வெளிவந்த ரெசனேட்டர் கிதார் இதுவே. பின்னர் டோப்யெரா சகோதரர்கள் தனியே செய்தது டோப்ரோ. போஷாம்ப் அதோடு நிற்காமல் ரிக்கன்பேக்கருடன் சேர்ந்து 1932இல் மின்கிதாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். வடிவத்தால் ‘வாணலி’ என்று செல்லப்பெயர் பெற்ற அக்கருவியும் மடியில் வைத்து வாசிக்கும் ஹவாய் கிதார்தான். இன்று உலகெங்கும் முழங்கும் மின்கிதாரின் பாட்டன் முறை அது.

கோட்டுவாத்தியத்துக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை கண்ணுக்குத் தெரிகிறது; வேற்றுமை காதுக்குத்தான் தெரியும். இரண்டிலும் மெட்டின் காவல் இல்லை. மடிக் கிதாரில் தந்திகள் உயர்த்தப்பட்டிருப்பதால் மெட்டுகள் வெறும் அடையாளக் கோடுகளே. துண்டு அந்தக் கோட்டுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். மயிரிழை விலகினாலும் சுருதி பிசகும். அழுத்தம் கூடினால் தந்தி இடறும், குறைந்தால் கரகரக்கும். துண்டுக்குப் பின்னாலுள்ள விரல்கள் வேண்டாத ஒலிகளைத் தொட்டு அடக்கியபடியே இருக்க வேண்டும். இதுவரை இரண்டும் உடன்பிறப்புகள். ஆனால் ஹவாய்க்காரர் பல தந்திகளை ஒரு சுரக்கூட்டாக இசைவித்து, ஒரே இழுப்பில் அந்தக் கூட்டையே நகர்த்துகிறார். துண்டைச் சாய்த்துப் பிடித்துக் கூட்டின் உருவை மாற்றுகிறார். கோட்டுவாத்தியக் கலைஞரோ ஒற்றைச் சுரவரிசையில் கமகத்தைத் துலக்குகிறார். எழுத்து ஒன்றாயிருப்பதால் மட்டும் இலக்கணமும் ஒன்றாகிவிடாது.

இந்தியாவுக்கு இந்தக் கிதார் வந்த வழியும் நம் உரிமைக்குரலுக்குச் சாதகமாக இல்லை. சமோவாவில் பிறந்து, கெகூகூவின் அதே லாயியேயில் வளர்ந்த டாவ் மோ, 1940களில் குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கி வாசித்தார், கற்றும் கொடுத்தார். வங்காளத்தில் ஹவாய் கிதார் வீட்டுக்கருவியாயிற்று. பிரிஜ் பூஷண் காப்ரா அதில் ராகத்தை வாசிக்க முடியும் என்று நிறுவினார். 1967இல் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியாவுடன் அவர் வாசித்த ‘கால் ஆஃப் தி வேலி’ இசைத்தட்டு பலரும் அறிந்தது. விஸ்வமோகன் பட் பரிவுத் தந்திகளைச் சேர்த்து மோகன வீணை என்றார். ரை கூடருடன் இணைந்த இசைத்தட்டுக்கு 1994இல் கிராமி விருது பெற்றார். இவர்கள் யாரும் ‘இது எங்கள் பழைய சொத்து’ என்று உட்கார்ந்திருக்கவில்லை. வந்ததை வாங்கி, உழைத்துத் தம்முடையதாக்கினார்கள். ஒரு மரபு நமக்கு உரியதாவது இப்படித்தான் என்பது என் தரப்பு.

பூர்வீகம் பேசுவோரிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. திருவிடைமருதூர் சகாராமராவ் கோட்டுவாத்தியத்தைக் கச்சேரி மேடைக்குரியதாக வளர்த்தார். அவரிடம் பயின்ற நாராயண ஐயங்கார் அதில் புகழின் உச்சியைத் தொட்டார். இவர்களின் பெயரைச் சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே எத்தனைபேர்? கோட்டுவாத்தியக் கச்சேரி ஒன்றை இறுதிவரை இருந்து கேட்டவர்கள் எத்தனைபேர்? ஹவாய் கிதாரைக் கேட்டால் மட்டும் நினைவுக்கு வரும் கோட்டுவாத்தியம், பிற நாட்களில் நம் காதுக்கு வெளியேதான் கிடக்கிறது. கெகூகூவின் பெயரை அவருடைய மக்களுக்கே விட்டுவிட்டு, நாராயண ஐயங்காரின் பழைய பதிவுகளை இன்றிரவு தேடிக் கேட்பது நாம் செய்யக்கூடிய நல்ல காரியம்.