மாற்றுத்திறனாளிகளுக்கு மத்திய அரசின் கடன்: பணம் மார்க்கையன்கோட்டை வரை வருகிறது, தமிழ் விளக்கம் வருகிறதா?

40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்கள் சுயதொழில் தொடங்க 50 லட்சம் ரூபாய் வரை கடன். சிறு தொகைகளுக்கு வட்டி 5 சதவீதத்தில் தொடங்குகிறது. திருப்பிச் செலுத்த 10 ஆண்டுகள் வரை அவகாசம். மத்திய அரசின் தேசிய மாற்றுத்திறனாளிகள் நிதி மற்றும் மேம்பாட்டுக் கழகம் (என்.டி.எஃப்.டி.சி) நடத்தும் 'திவ்யாங்ஜன் ஸ்வாவலம்பன்' திட்டத்தின் சுருக்கம் இதுதான்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தேனி மாவட்டம் சின்னமனூர் பக்கத்தில் இருக்கும் மார்க்கையன்கோட்டை போன்ற ஒரு சின்ன பேரூராட்சியில் காது கேளாத ஒரு பெண் தையல் கடை வைக்கக் கடன் கேட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டி எவ்வளவு, தவணை தவறினால் என்ன ஆகும், ஜாமீன் போட்ட அண்ணனுக்கு என்ன பொறுப்பு? இதையெல்லாம் அவருக்குப் புரிகிற மாதிரி யார் சொல்வார்கள்? சொல்லாவிட்டால் அது வெறும் அலட்சியமா, சட்டப்படி தவறா?

பணம் எந்த வழியாக வருகிறது?

இந்தக் கழகம் 1997 ஜனவரி 24 அன்று மத்திய அரசு நிறுவனமாகத் தொடங்கப்பட்டது. முன்பு என்.எச்.எஃப்.டி.சி என்ற பெயரில் இயங்கியது. மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் கீழ் வருகிறது.

இதற்கு ஊருக்கு ஊர் கிளை கிடையாது. மாநிலத்துக்கு மாநிலம் ஒரு முகமையைப் பிடித்து, அதன் வழியாகப் பணத்தை அனுப்புகிறது. தமிழ்நாட்டில் அந்த வேலையைச் செய்வது தமிழ்நாடு மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கி. அங்கிருந்து மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கிகளுக்கும், உள்ளூர்க் கூட்டுறவு நிறுவனங்களுக்கும் போகிறது. தேனி மாவட்டத்துக்குத் தனி மத்திய கூட்டுறவு வங்கி இல்லை. மதுரை மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கிதான் இங்கேயும்.

ஆக, டெல்லி, சென்னை, மதுரை என்று இறங்கி, கடைசியில் ஊர்க்காரர்கள் 'சொசைட்டி' என்று சொல்லும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் கவுன்டர் வரை இந்தப் பயணம் நீளலாம். பணம் ஒவ்வொரு படியாக இறங்கும்போது, 'பாகுபாடு காட்டாதே, புரியும்படி சொல்' என்ற கடமையும் கூடவே இறங்குகிறதா என்பதுதான் பிரச்சினையே.

பாகுபாடு பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் இருக்கிறது. 1995-ம் ஆண்டின் பழைய சட்டம் 7 வகைக் குறைபாடுகளைத்தான் கணக்கில் எடுத்தது. புதிய சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. கடனுக்குத் தொடர்பான பிரிவுகள் இவை:

• பிரிவு 3: குறைபாட்டைக் காரணம் காட்டிப் பாகுபாடு கூடாது.

• பிரிவு 13: வங்கிக் கடன், அடமானக் கடன் உள்ளிட்டவற்றை மற்றவர்களுக்குச் சமமாகப் பெறும் உரிமை உண்டு. தன் பண விவகாரத்தைத் தானே கவனிக்கும் உரிமையும் இதில் அடக்கம்.

• பிரிவு 19: சுயதொழிலுக்குச் சலுகை வட்டிக் கடன் தரும் திட்டங்களை அரசு உருவாக்க வேண்டும்.

• பிரிவு 37: வறுமை ஒழிப்பு, மேம்பாட்டுத் திட்டங்கள் அனைத்திலும் 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ளவர்களுக்கு 5 சதவீத ஒதுக்கீடு, அதில் பெண்களுக்கு முன்னுரிமை.

'பாகுபாடு' என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் விளக்கமும் முக்கியம். 'உனக்குக் கடன் கிடையாது' என்று நேரடியாக விரட்டுவது மட்டும் பாகுபாடு அல்ல. ஒருவருக்குத் தேவையான நியாயமான வசதியைச் செய்து தர மறுப்பதும் பாகுபாடுதான். அந்த வசதி நிறுவனத்துக்குத் தாங்க முடியாத சுமையாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இதில் மொழி எங்கே வருகிறது?

மொழி உரிமை என்றாலே இந்தியா, ஆங்கிலமா, தமிழா என்ற விவாதம்தான் நினைவுக்கு வரும். மாற்றுத்திறனாளிக்கு அது பாதிக் கதைதான். பார்வையற்றவருக்கு அச்சடித்த தமிழ்ப் படிவமும் ஆங்கிலப் படிவமும் ஒன்றுதான். இரண்டையும் அவரால் பார்க்க முடியாது. பிறவியிலேயே காது கேளாதவர் பலருக்குச் சைகை மொழிதான் முதல் மொழி. அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு வக்கீல் தமிழ் வேண்டாம், எளிய தமிழ் வேண்டும்.

2016 சட்டம் இதைப் புரிந்துகொண்டே எழுதப்பட்டிருக்கிறது. 'தகவல் தொடர்பு' என்பதற்கு அது தரும் விளக்கத்தில் மொழிகள், பிரெய்ல், பெரிய எழுத்து, ஒலி வடிவம், சைகை மொழி, எளிய மொழி, வாசித்துக் காட்டும் ஆள் எல்லாமே இடம்பெறுகின்றன. ஒன்றையும் பிரிவு 3-ஐயும் சேர்த்துப் படித்தால், கடன் பத்திரத்தை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்பது சலுகை கேட்பது அல்ல என்பது தெளிவாகும்.

ரிசர்வ் வங்கி விதி இருக்கிறதே?

இருக்கிறது. நல்ல விதிகளே இருக்கின்றன.

2008 ஜூன் 4 அன்று வெளியான சுற்றறிக்கை, காசோலைப் புத்தகம், ஏ.டி.எம், லாக்கர், சில்லறைக் கடன், கிரெடிட் கார்டு எதையும் பார்வையற்றவர்களுக்குப் பாகுபாடின்றி வங்கிகள் தர வேண்டும் என்று சொன்னது. வாடிக்கையாளர் பயன்படுத்தும் அச்சுப் படிவங்கள் ஆங்கிலம், இந்தி, அந்தந்த மாநில மொழி என மூன்றிலும் இருக்க வேண்டும் என்பதும் வங்கிகளுக்கான விதி.

இதைவிடக் கூர்மையான ஆயுதம் 2024-ல் வந்தது. 'கே.எஃப்.எஸ்' எனப்படும் முக்கிய விவர அறிக்கை. 2024 அக்டோபர் 1 முதல் புதிதாகத் தரப்படும் எல்லா சில்லறைக் கடனுக்கும், சிறு, குறு, நடுத்தரத் தொழிலுக்கான தவணைக் கடனுக்கும் இது கட்டாயம். உண்மையான ஆண்டு வட்டிச் செலவு, கட்டணங்கள், புகார் செய்ய வேண்டிய இடம் எல்லாம் இதில் இருக்க வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் எழுதியிருக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. விளக்கிச் சொல்லி, 'புரிந்தது' என்று ஒப்புதலும் வாங்க வேண்டும். அதில் சொல்லாத எந்தக் கட்டணத்தையும் கடன்தாரரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வசூலிக்கக் கூடாது.

மாநிலக் கூட்டுறவு வங்கிக்கும் மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கிக்கும் இந்த உத்தரவு பொருந்தும். அதாவது மதுரை வரை விதி வந்துவிட்டது.

அப்புறம் எங்கே ஓட்டை?

கடைசிப் படியில். தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்கள் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு வெளியே இருப்பவை. ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாடு அங்கே நேரடியாகப் போகாது. மாநிலக் கூட்டுறவுத் துறையின் கண்காணிப்புதான். அதனால் சங்கத்தின் கவுன்டரில் நின்று 'கே.எஃப்.எஸ் எங்கே?' என்று ரிசர்வ் வங்கியைக் காட்டிக் கேட்க முடியாது.

'அப்படியானால் 2016 சட்டத்தைக் காட்டலாமே?' என்று கேட்கலாம். காட்டலாம். அரசுக்குச் சொந்தமான, அரசு கட்டுப்படுத்தும் அல்லது அரசு உதவி பெறும் அமைப்பு எல்லாமே 'அரசு நிறுவனம்' என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஆனால் கூட்டுறவுச் சங்கம் அதில் வருமா என்று வாதாட இடம் இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டம் தொடர்பான தலப்பலம் வழக்கில் 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அரசு மேற்பார்வை செய்கிறது என்பதாலேயே ஒரு கூட்டுறவுச் சங்கம் பொது அதிகார அமைப்பு ஆகிவிடாது என்றது. அது வேறு சட்டம், வேறு கேள்வி. இருந்தாலும் 'எங்களுக்கு இது பொருந்தாது' என்று சொல்ல நினைப்பவர்களுக்கு அது ஒரு கைப்பிடி.

அமெரிக்காவில் எப்படி?

அங்கே பிடியைப் பணத்திலேயே வைத்தார்கள். 1964-ம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம், மத்திய அரசு நிதி பெறும் எந்தத் திட்டத்திலும் இனம், நிறம், பூர்வீக நாடு பார்த்துப் பாகுபாடு கூடாது என்றது. 1973-ம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தின் 504-வது பிரிவு அதே விதியை மாற்றுத்திறனாளிகளுக்கும் விரித்தது. 'அரசுப் பணத்தைத் தொட்டாயா, கடமையும் உன்னுடையது' என்பதுதான் தர்க்கம். நடுவில் எத்தனை கை மாறினாலும் கடமை உதிர்ந்துவிடாது.

ஆனால் மொழியில் அங்கேயும் நிலை ஆட்டம் கண்டிருக்கிறது. ஆங்கிலம் சரியாகத் தெரியாதவர்களுக்கு மொழி உதவி தர வேண்டும் என்று 2000 ஆகஸ்டில் அதிபர் கிளின்டன் போட்ட உத்தரவை, 2025 மார்ச் 1 அன்று ஆங்கிலத்தை ஆட்சி மொழியாக அறிவித்த அதிபர் டிரம்ப் ரத்து செய்தார். 1964 சட்டம் அப்படியே நிற்கிறது. நிர்வாக உத்தரவு ஒரு கையெழுத்தில் போய்விடும், சட்டம் அப்படிப் போகாது என்பதுதான் இதில் இந்தியாவுக்கான பாடம். கே.எஃப்.எஸ் கூட ஒரு சுற்றறிக்கைதான்.

நீதிமன்றம் என்ன சொல்கிறது?

2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பைத் தந்தது. ஆசிட் வீச்சால் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும் வங்கியின் டிஜிட்டல் கே.ஒய்.சி-யில் 'கண் சிமிட்டுங்கள்' என்ற கட்டத்தைத் தாண்ட முடியவில்லை என்பதுதான் பிரச்சினை. டிஜிட்டல் வசதியை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழும் உரிமையின் பகுதி என்று சொன்ன நீதிமன்றம், 20 வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது. முக அடையாளம் காட்ட முடியாதது கடனுக்குத் தடையாகக் கூடாது என்றால், சைகை மொழியில் பேசுவதும் தடையாகக் கூடாது. கே.ஒய்.சி-க்குச் சொன்ன அதே நியாயம் கடன் பத்திரத்துக்கும் பொருந்தும்.

கடன் கேட்டுப் போகிறவர் என்ன செய்யலாம்?

• மதுரை மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கிக் கிளையிலோ மற்ற வங்கியிலோ கடன் வாங்கினால், கையெழுத்துக்கு முன்பே கே.எஃப்.எஸ்-ஐத் தமிழில் கேளுங்கள். ஏழு நாளோ அதற்கு மேலோ தவணைக் காலம் உள்ள கடனுக்கு, யோசித்து முடிவெடுக்கக் குறைந்தது மூன்று வேலை நாட்கள் தர வேண்டும். 'இப்பவே போடுங்க' என்றால் அவசரப்பட வேண்டாம்.

• வாசித்துக் காட்டும் ஆள், சைகை மொழி பெயர்ப்பாளர் போன்ற வசதி வேண்டும் என்றால் வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். மறுத்தால் அந்தத் தாள்தான் சாட்சி.

• பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் போன்றவை வணிக வங்கிகள் வழியாக வருபவை. இதில் மாற்றுத்திறனாளிகள் சிறப்புப் பிரிவு. கிராமப்புறத்தில் 35 சதவீத மானியம், சொந்தப் பங்கு 5 சதவீதம் போதும். இந்த வங்கிகள் விண்ணப்பத்தை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். 'மேனேஜர் முடியாதுன்னுட்டார்' என்பது பதில் ஆகாது.

• வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். உதவி எண் 14448. மாநில, மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கிகளும் 2025 நவம்பர் 1 முதல் இந்த வரம்புக்குள் வந்துவிட்டன.

• சொசைட்டியில் பிரச்சினை என்றால், திங்கள்கிழமை தேனி ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரையும் அணுகலாம்.

• மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்குச் சிவில் நீதிமன்றத்தைப் போல ஆட்களை அழைத்து விசாரிக்கும் அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரை செய்தால், சம்பந்தப்பட்ட அமைப்பு மூன்று மாதத்துக்குள் என்ன செய்தோம் என்று தெரிவிக்க வேண்டும். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை, அடுத்த முறை 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

• டெல்லி அலுவலகத்துக்கே புகார் அனுப்பினாலும் தமிழில் எழுதலாம். எந்த அதிகாரியிடமும் நாட்டில் பயன்படும் எந்த மொழியிலும் குறையைச் சொல்லலாம் என்கிறது அரசியல் சாசனத்தின் 350-வது பிரிவு.

அரசு என்ன செய்ய வேண்டும்?

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. என்.டி.எஃப்.டி.சி-யிடமிருந்து பணம் வாங்கும் ஒவ்வொரு முகமையும், அதனிடமிருந்து வாங்கும் ஒவ்வொரு சங்கமும் 'கடன்தாரருக்குப் புரியும் மொழியிலும் வடிவத்திலும் விளக்கினோம்' என்று பதிவு செய்ய வேண்டும் என ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். மதுரையோடு நின்றுவிடும் விதி, மார்க்கையன்கோட்டை கவுன்டர் வரை வந்துவிடும். கூட்டுறவுத் துறை மாநில அரசின் கையில் இருப்பதால், டெல்லிக்காகக் காத்திருக்காமல் தமிழ்நாடு அரசே ஒரு சுற்றறிக்கையில் இதைத் தொடங்கி வைக்கலாம்.

கேட்பதற்கு ஆளும் ஊரிலேயே வர வழி பிறந்திருக்கிறது. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத் திருத்தங்களைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது. பேரூராட்சி மன்றங்களும் அதில் அடக்கம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். அவர்களில் சொசைட்டி வாசலில் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவருக்காக, 'இதை அவருக்கு யார் படித்துச் சொன்னீர்கள்?' என்று அந்த உறுப்பினர் மன்றத்தில் கேட்கலாம்.