எண்ணெய் மரமும் அசிட்டோன் நம்பிக்கையும்

மரவில் செய்பவர்களிடம் வேதவாக்காகிவிட்ட விதி ஒன்று உண்டு: எண்ணெய்ப் பிசுக்குள்ள மரத்தை ஒட்டுமுன் அசிட்டோனில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும்; துடைத்தால் பசை பிடிக்கும், இல்லாவிட்டால் விட்டுவிடும். தென் அமெரிக்க இப்பே மரத்தை வில்லின் வயிறாகவும் (எய்பவரைப் பார்த்த பக்கம்), ஹிக்கரி அல்லது மூங்கில் பட்டையை முதுகாகவும் வைத்து ஒட்டுபவர்கள் இதைச் சடங்குபோலவே செய்கிறார்கள். துடைப்பது கேடு என்பதல்ல என் வாதம். துடைத்ததோடு மரம் ஒட்டுக்குத் தயாராகிவிட்டது என்ற நம்பிக்கைதான் தவறு.

அசிட்டோன் எண்ணெயை அகற்றிவிடும் என்பது முதல் கூற்று. இம்மரங்களில் இருப்பது ஒரே எண்ணெய் அல்ல. மெழுகு, பிசின், குயினோன் வகைப் பொருள்கள் எல்லாம் கலந்தது. இப்பேயின் நுண்துளைகளில் காணும் மஞ்சள் தூளான லாபச்சோல் எண்ணெயே அல்ல, படிகப் பொருள். தேக்கில் இயற்கை ரப்பரும் உண்டு. ரப்பர் அசிட்டோனில் கரையாது. ரப்பரிலிருந்து பிசினை மட்டும் பிரித்தெடுக்க ஆய்வகங்கள் அசிட்டோனைப் பயன்படுத்துவதே அதனால்தான். கரைகிற பொருள்களும் முழுதாகப் போய்விடுவதில்லை. அசிட்டோன் 56 பாகை செல்சியஸில் கொதிப்பது. மரத்தின்மேல் சில நொடிகளில் ஆவியாகிவிடும். துணியை அடிக்கடி மாற்றாவிட்டால், கரைந்த பிசின் மரத்தின் மேலேயே மெல்லிய படலமாகப் பரவி நின்றுவிடும்.

ஒட்டு விட்டால் பழி எண்ணெய்க்கே என்பது இரண்டாவது கூற்று. பெரும்பாலும் இங்கேதான் வழக்கு தவறான ஆள்மேல் போடப்படுகிறது. இப்பே கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 கிலோ எடையுள்ளது. பல துண்டுகள் நீரில் மூழ்கிவிடும். இவ்வளவு அடர்ந்த மரத்துக்குள் பசை இறங்க இடம் குறைவு. போதாததற்கு மழுங்கிய இழைப்புளியும் தேய்ந்த உப்புத்தாளும் மேற்பரப்பை வெட்டாமல் நசுக்கிப் பளபளப்பாக்கிவிடுகின்றன. அந்தப் பளபளப்பை எந்தக் கரைப்பானும் நீக்காது. இறுக்கும் விதமும் சேர்ந்துகொள்கிறது. ரெசார்சினால் பசைக்கு நெருங்கிய பொருத்தமும் நல்ல அழுத்தமும் வேண்டும். எப்பாக்ஸியை அப்படிக் கிளாம்ப் போட்டு நெரித்தால் பசை வெளியே பிதுங்கி இணைப்பு பட்டினி கிடக்கும். பிழை கிளாம்பில் இருக்க, பழி மட்டும் மரத்தின் எண்ணெய்மேல் விழுகிறது.

அமெரிக்காவின் மேடிசன் நகரிலுள்ள வனப்பொருள் ஆய்வகம் வெளியிடும் மரக் கையேடு தேக்கு, ஈட்டி, லாபாச்சோ (இப்பேயின் இன்னொரு பெயர்) ஆகியவற்றை ஒட்டுவதற்குக் கடினமான மரங்களோடு சேர்க்கிறது. அதே கையேடு எல்லா மரத்துக்கும் பொதுவாக வற்புறுத்துவது, ஒட்டுவதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் கூரிய கருவியால் புதிதாக இழைத்த மேற்பரப்பை. காரணம் எளிது. இழைத்த கணத்திலிருந்தே உள்ளிருக்கும் பிசின் மெல்ல மேலே ஊர்ந்து வருகிறது, காற்றின் அழுக்கும் படிகிறது. பிசின் மிகுந்த மரத்துக்கு 24 மணி நேரமே அதிகம். சென்ற வாரம் இழைத்து இன்று துடைத்த பட்டையும் இன்று இழைத்த பட்டையும் ஒன்றாகா.

படகு கட்ட எப்பாக்ஸி விற்பவர்களே கரைப்பானால் துடைக்கச் சொல்கிறார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் 80 எண் உப்புத்தாளால் புதிதாகத் தேய்க்கவும், துடைத்தபின் சில நிமிடங்களுக்குள் பசை தடவவும் அவர்கள் சேர்த்தே சொல்கிறார்கள். அந்த மூன்றில் துடைப்பை மட்டும் பொறுக்கிக்கொண்டது வில்காரர்கள்தான். துடைத்து ஒட்டிய வில்கள் ஆண்டுக்கணக்காக உழைக்கின்றனவே என்ற வாதம் இன்னும் பலவீனமானது. அவற்றைச் செய்தவர்கள் பெரும்பாலும் ஒட்டுமுன் தேய்த்தும் இருப்பார்கள். துடைக்காத இணையை அருகில் வைத்துப் பார்க்காமல், உழைத்தது எதனால் என்று எப்படிச் சொல்வது? மேலும், வளையும் வில்லில் நீளவாட்டுச் சறுக்கு விசை உச்சமாவது தடிமனின் நடுப்பகுதியில். மூன்று மில்லிமீட்டர் முதுகுப் பட்டையின் ஒட்டுக்கோடு அந்த நடுவிலிருந்து விலகியே இருக்கும். ஆகவே சுமாரான ஒட்டும் தாக்குப்பிடிக்கும். வில் பிழைத்தது என்பதால் ஒட்டு தேறிவிட்டது என்று ஆகாது.

ஒட்டை எடைபோட விட்டுப்போன இணைப்பையே பார்க்க வேண்டும். பசைமேல் மரநார் கிழிந்து ஒட்டியிருந்தால், ஒட்டு மரத்தைவிட வலுவாக இருந்தது, குற்றம் மரத்தில். பசை வழவழவென்று வெறுமையாகப் பிரிந்திருந்தால், மேற்பரப்பில். ஆங்காங்கே பசையே இல்லாமல் போயிருந்தால், கிளாம்பில்.

அசிட்டோன் புட்டியைத் திறப்பதற்கு முன், கையிலுள்ள இப்பே துண்டின் பழைய முகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரும், கூரிய சுரண்டு தகட்டால் புதிதாகச் சுரண்டிய முகத்தில் ஒரு சொட்டும் விட்டுப் பாருங்கள். உருண்டு நிற்கும் முகத்தில் பசையும் சரியாகப் பரவாது. பரந்து இறங்கும் முகத்தை அன்றைக்கே ஒட்டிவிடுங்கள். சுரண்டும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். இப்பேத் தூள் பலருக்குத் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமை தரும்.