களஞ்சியத்திலே நெல்லா, பதரா?

திருவான்மியூரிலே, நான் பணியாற்றும் பள்ளியிலே, சென்ற திங்கள் ஒரு சுவர்க் கலைக்களஞ்சியம் எழுந்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதினர், படம் வரைந்தனர், ஒட்டினர். ஊரைப் பற்றி ஒரு கட்டுரை, கடலைப் பற்றி ஒன்று, பல்கலைக்கழகம் என்ற தலைப்பிலே மற்றொன்று. கடைசிக் கட்டுரையை எழுதிய மாணவி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்துகொண்டாள். நிறுவியவர் பெயரை எழுதினாள், ஆண்டை எழுதினாள், துறைகளை எழுதினாள். அத்தோடு நிற்கவில்லை. 1965 சனவரி 27 ஆம் நாள், இந்தித் திணிப்பை எதிர்த்த மாணவர்கள்மீது சிதம்பரத்திலே காவல்துறை சுட்டது என்றும், இராசேந்திரன் என்ற மாணவர் மாண்டார் என்றும் எழுதினாள்.

வந்தது வினை! மூத்த ஆசிரியர் ஒருவர் வந்தார், படித்தார், முகம் சுளித்தார். "இது கலைக்களஞ்சியமா, கண்ணீர் அஞ்சலியா? இதற்கெல்லாம் சான்று எங்கேயம்மா? எடுத்துவிடு" என்றார். அந்த வரியின்மீது வெள்ளைத் தாள் ஒட்டப்பட்டது.

அதே சுவரிலே, ஒரு முழத் தொலைவிலே, ஊரைப் பற்றிய கட்டுரை. வான்மீகி முனிவர் இங்கே வந்து வழிபட்டார், அதனாலேதான் திருவான்மியூர் என்று பெயர் வந்தது என்கிறது அது. அதற்குச் சான்று கேட்டாரா அந்தப் பெரியவர்? கேட்கவில்லை! புற்றிலிருந்து புறப்பட்ட முனிவருக்குச் சான்று வேண்டா. குண்டு பாய்ந்து வீழ்ந்த மாணவனுக்கு மட்டும் சான்று வேண்டும்! ஊரார் அவ்வாறு கூறுவர் என்று எழுதியிருந்தால் எனக்கு மறுப்பில்லை. நடந்ததாகவே எழுதியிருக்கிறதே, அதுதான் வேடிக்கை.

தோழர்களே, களஞ்சியம் என்றால் என்ன? நெல்லைச் சேர்த்து வைக்கும் இடம். பதரைத் தூற்றிவிட்டுத்தான் நெல்லைக் கொட்டுவான் உழவன். ஒரு பல்கலைக்கழகத்தைப் பற்றி எழுதும்போது நெல் எது, பதர் எது?

"புகழ்வாய்ந்த", "தலைசிறந்த", "எழில்மிகு வளாகம்" — பதர். பட்டமளிப்பு விழாவுக்கு வந்து போன அமைச்சர்களின் பட்டியல் — பதர். அங்கே பயின்ற திரைப்பட நடிகர் யார் என்ற ஆராய்ச்சி — அதுவும் பதரே. தன்னைப் பற்றித் தானே அச்சிட்டுக்கொள்ளும் விளம்பரத் தாளிலே இவையெல்லாம் இருக்கட்டும்.

நெல் வேறு. அண்ணாமலை செட்டியார் 1920 இல் சிதம்பரத்திலே மீனாட்சிக் கல்லூரியைத் தொடங்கினார், அதன் வழியே 1929 இல் பல்கலைக்கழகம் பிறந்தது, அது நெல். ஈழத்து விபுலானந்த அடிகள் அங்கே முதல் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்ததும், அவருக்குப் பின் சோமசுந்தர பாரதியார் அத்துறையை நடத்தியதும், நெடுஞ்செழியனும் அன்பழகனும் அங்கே தமிழ் பயின்று மேடையேறியதும் நெல். இணைவேந்தர் பதவி நிறுவனர் குடும்பத்துக்கே வழிவழியாய் வந்ததும், பணநெருக்கடி முற்றிய பின் 2013 இல் தனிச்சட்டம் இயற்றி அரசே பொறுப்பேற்றதும் நெல். யார் பணம், யார் ஆட்சி, யார் கற்பித்தார், யார் கற்றார் — இவற்றைச் சொல்லாத கட்டுரை, ஆளைச் சொல்லாமல் சட்டையை மட்டும் சொல்வது போன்றது.

அப்படியானால் இராசேந்திரன்? 1965 சனவரி 26 முதல் இந்தியே நடுவணரசின் ஆட்சிமொழி என்ற நிலை வந்தது. மறுநாளே அந்த மாணவர் விழுந்தார். அந்த ஆண்டின் கிளர்ச்சி 1967 தேர்தலை மாற்றியது. அதே ஆண்டிலே ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தி, ஆங்கிலம் தொடரும் என்ற உறுதியைத் தரவும் வைத்தது. அவருக்குச் சிலை நிற்கிறது. நாட்டின் சட்டத்தையே அசைத்த நிகழ்ச்சியிலே ஒரு பல்கலைக்கழகத்தின் பங்கு, அப்பல்கலைக்கழகத்தைப் பற்றிய கட்டுரையிலே இடம்பெறாதாம்! வேறு எங்கே இடம்பெறும்?

"கலைக்களஞ்சியம் நடுநிலையானது" என்கிறார் பெரியவர். நடுநிலை என்பது வாய்மூடி இருப்பதா? சுட்டவனும் பேசவில்லை, சுடப்பட்டவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை என்பதா? தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராய்க் கொண்டு வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954 இல் வந்தது. அதில் 1965 இல்லையென்றால் அது காலத்தின் கணக்கு, குற்றமன்று. இன்று எழுதுகிறவர் விட்டால் அது கணக்கன்று, கத்தரிக்கோல்!

கத்தரிக்கோலுக்கும் வரலாறு உண்டு. பிரெஞ்சு நாட்டிலே தீதரோ, 1751 முதல் தம் பெருங்களஞ்சியத்தைத் தொகுதி தொகுதியாய் வெளியிட்டார். மன்னன் ஆட்சி 1759 இல் உரிமத்தைப் பறித்தது, அவர் அஞ்சவில்லை. ஆனால் அவருடைய சொந்தப் பதிப்பாளர் லெ பிரெதோன், ஆட்சிக்கு அஞ்சி, அச்சுத்தாள்களிலே இருந்த காரமான பகுதிகளை அவருக்குத் தெரியாமலே வெட்டியெறிந்தார். 1764 இல் அதைக் கண்டுபிடித்த தீதரோ கொதித்தார். மன்னனால் முடியாததை வீட்டுக்குள் இருந்தவர் செய்தார். எங்கள் பள்ளிச் சுவரிலே வெள்ளைத் தாளை ஒட்டச் சொன்னதும் அரசாங்கமன்று.

இங்கே நம்மவர்க்கும் ஒரு சொல். கசக்கும், ஆயினும் சொல்லியாக வேண்டும். 1971 இல் அதே பல்கலைக்கழகம் முதலமைச்சர் கருணாநிதிக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. எதிர்த்த மாணவர்கள்மீது தடியடி நடந்தது. உதயகுமார் என்ற மாணவர் குளத்திலே பிணமாய்க் கிடந்தார். சாவின் காரணம் குறித்துப் பூசல் எழுந்தது, விசாரணையும் நடந்தது. அப்போது ஆட்சியிலே இருந்தது நம் அணி. "அது எதற்கு இப்போது?" என்று நம் தோழர் ஒருவர் என்னிடமே கேட்டார். மூத்த ஆசிரியர் கேட்ட அதே கேள்வி, குரல் மட்டும் வேறு! 1965 ஐ எழுது என்று முழங்கும் நாக்கு 1971 ஐ எழுதாதே என்று முணுமுணுத்தால், இராசேந்திரனுக்காக நாம் கேட்பது நியாயமன்று, கட்சிக்கணக்கு என்று பிறர் சொல்வர். சொன்னால் மறுக்க நமக்கு வாய் ஏது? நடந்ததை நடந்தவாறு எழுதட்டும். வழக்கிலே இருப்பதை வழக்கிலே இருப்பதாக எழுதட்டும். இரு சாராரும் கூறியதைக் கூறட்டும். அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டா, அதற்குக் கீழும் வேண்டா.

அந்த வெள்ளைத் தாளைக் கிழித்துவிட இசைவு கேட்டுத் தலைமையாசிரியருக்கு எழுதியிருக்கிறேன். கிழித்த பின், அதன் கீழே 1971 பற்றிய வரியையும் அந்த மாணவியே எழுதுவாள். இரண்டு வரிக்கும் சான்று தேடித் தர நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன். வான்மீகிக்குச் சான்று தேடும் பொறுப்பைப் பெரியவர் ஏற்பாரா என்றும் அம்மடலிலேயே கேட்டிருக்கிறேன்.