வெல்வது துப்பாக்கியா, காலடியா?

கணிப்பொறித் துப்பாக்கி ஆட்டங்களைப் பற்றிய பேச்சு விடுதியில் எழுந்தாலும் சரி, ஆசிரியர் அறையில் எழுந்தாலும் சரி, உடனே இரண்டு கட்சிகள் தோன்றிவிடுகின்றன. ஒரு கட்சி அவற்றை வெறியாட்டம் என்று ஒதுக்கும். மற்றொரு கட்சி, எந்தத் துப்பாக்கி எத்தனை குண்டு சுடும், எது எத்தனை தொலைவு பாயும் என்று கணக்குச் சொல்லும். இரு சாராருக்கும் பொதுவானது ஒன்று உண்டு: இருவரும் துப்பாக்கியை மட்டுமே பார்க்கிறார்கள். என் கருத்து வேறு. ஆடுபவனின் கண் வழியாகவே களத்தைக் காட்டும் 'ஃபர்ஸ்ட் பெர்சன் ஷூட்டர்' ஆட்டங்களில் போரின் போக்கை வகுப்பது, ஆடுபவன் நகரும் முறையே. துப்பாக்கிக்கு இரண்டாம் இடம்தான். சிலம்பம் பயில்வோர் கம்பு வீசுவதற்கு முன் காலடி வைக்கப் பழகுவதை நாம் அறிவோம். அந்த உண்மை கணிப்பொறித் திரைக்கும் பொருந்தும் என்று காட்டுவதே என் நோக்கம்.

முதலில் 'டூம்' என்ற ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1993 டிசம்பரில் அமெரிக்காவின் இட் சாஃப்ட்வேர் நிறுவனம் அதை வெளியிட்டது. அதில் வீரனால் குதிக்க முடியாது. அண்ணாந்து பார்க்கவும் முடியாது. ஆனால் ஓட முடியும், அதுவும் காற்றாய்ப் பறக்க முடியும். ஆட்டத்தின் கடிகாரம் விநாடிக்கு 35 முறை துடிக்கிறது. 'இம்ப்' என்னும் பூதம் வீசும் நெருப்புருண்டை, வழக்கமான நிலைகளில் ஒரு துடிப்புக்கு 10 அலகு தொலைவு செல்லும். ஓடும் வீரனோ அதே நேரத்தில் 16 அலகுக்கும் மேல் கடந்துவிடுவான். தன்னைக் கொல்ல வரும் நெருப்பைவிடத் தானே வேகமானவன்! அப்படிப்பட்டவன் ஏன் சுவருக்குப் பின்னால் பதுங்க வேண்டும்? பக்கவாட்டில் ஓரடி விலகினால் போதும். ஆகவேதான் டூம் ஆட்டத்தின் சண்டை, பூதக்கூட்டத்துக்கு நடுவே சுற்றிச் சுழன்று ஆடும் கூத்தாக அமைந்தது.

இயற்பியல் மாணவனாகிய எனக்கு அதில் மற்றொரு சுவையும் உண்டு. முன்னோக்கி ஓடுவதற்கு நிரல் தரும் விசையளவு 50. பக்கவாட்டு ஓட்டத்துக்கு 40. இரண்டையும் ஒருசேர அழுத்தினால் நிரல் இரண்டையும் அப்படியே கூட்டிவிடுகிறது. நாம் வகுப்பில் படிக்கும் திசையன் கூட்டல்தான் இது. 2500-உம் 1600-உம் சேர்ந்த தொகையின் வர்க்கமூலம் 64. நேராக ஓடுபவனைவிடக் கோணலாக ஓடுபவன் ஏறத்தாழ 28 விழுக்காடு வேகமாகச் செல்கிறான். விரைந்து முடிக்கும் போட்டிகளில் ஆடுவோர் இதை ஒரு கலையாகவே வளர்த்துவிட்டார்கள்.

1996-இல் அதே நிறுவனத்தின் 'குவேக்' வந்தது. இடக்கை நடக்கவும், வலக்கை மவுஸால் பார்க்கவும் குறிவைக்கவும் என்ற பங்கீடு இக்காலத்தில்தான் வேரூன்றியது. டபிள்யூ, ஏ, எஸ், டி என்னும் நான்கு விசைகளால் நடக்கும் வழக்கத்தைப் பரப்பியவர் என்று, 'திரெஷ்' என்ற புனைபெயரில் ஆடிய டென்னிஸ் ஃபாங் பேசப்படுகிறார். 1997-இல் நடந்த குவேக் போட்டியில் வென்ற அவர், அந்த ஆட்டத்தைப் படைத்தோருள் ஒருவரான ஜான் கார்மாக்கின் ஃபெராரி காரையே பரிசாகப் பெற்றார். குவேக் வீரன் அந்தரத்தில் இருக்கும்போது, அவன் திரும்ப விரும்பும் திசையில் உள்ள வேகத்தை மட்டுமே நிரல் அளந்து பார்த்தது. மொத்த வேகத்தை அளக்கவில்லை. ஆகவே குதித்துக்கொண்டே சரியான கோணத்தில் திரும்புபவன் மேலும் மேலும் வேகம் பெற்றான். ராக்கெட்டைத் தன் காலடியிலேயே வெடிக்கவைத்து மேல்மாடத்துக்குத் தாவவும் ஆடுவோர் கற்றார்கள். போர் தரையை விட்டு எழுந்து வானுக்குப் போயிற்று. இந்த மாற்றத்துக்குக் காரணம் புதிய ஆயுதமா? அன்று. நகரும் விதி மாறியதே காரணம்.

அடுத்து 2001 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் கருவியுடன் வெளியான 'ஹேலோ'வைப் பார்ப்போம். இங்கே மவுஸ் இல்லை. கையில் பிடிக்கும் கருவியில் இரண்டு குமிழ்கள். இடக்கட்டைவிரல் நடக்கும், வலக்கட்டைவிரல் பார்க்கும். கட்டைவிரலுக்கு மவுஸின் விரைவு ஏது? இதை உணர்ந்த படைப்பாளர்கள் நடையை நிதானமாக்கினார்கள். குதித்தால் மெல்ல மிதந்து இறங்கும்படி செய்தார்கள். குறி சற்றே பிசகினாலும் ஆட்டமே கொஞ்சம் கைகொடுக்கும்படி அமைத்தார்கள். ஓடித் தப்ப முடியாத வீரனுக்கு, ஒதுங்கி நின்றால் தானே நிரம்பும் கவசத்தையும் தந்தார்கள். முன்னேறு, மோது, ஒதுங்கு, மூச்சு வாங்கு, மீண்டும் முன்னேறு என்ற புதிய தாளம் பிறந்தது. இரண்டு கட்டைவிரல்களின் இயல்பிலிருந்து ஒரு போர்முறையே முளைத்தது என்றால் அது மிகையாகாது.

'வேகம் குறையக் குறையச் சுவையும் குறையும்' என்று சில நண்பர்கள் வாதிடுகிறார்கள். 'கவுண்டர்-ஸ்டிரைக்' அதை மறுக்கிறது. 1999-இல் 'ஹாஃப்-லைஃப்' ஆட்டத்தின் மாற்றுவடிவமாகத் தோன்றி, இன்றும் கோடிக்கணக்கானோர் அறிந்த ஆட்டம் அது. அதில் ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு குறியில் விழாது; நின்றுதான் சுட வேண்டும். ஓடினால் காலடி ஓசை எதிரிக்குக் கேட்கும். மெல்ல நடந்தால் கேட்காது. ஆகவே ஒவ்வோர் அடியும் ஒரு முடிவு. வலப்பக்கம் ஓடுபவன் சட்டென்று நிற்க விரும்பினால், வலப்பக்க விசையிலிருந்து விரலை எடுத்து இடப்பக்க விசையை ஒரு நொடிப்பொழுது தட்ட வேண்டும். அந்தக் கணத்தில் உடல் நிற்கும், குண்டு பாயும். டூம் 'ஓடு' என்று சொல்லும் இடத்தில் கவுண்டர்-ஸ்டிரைக் 'நிற்கக் கற்றுக்கொள்' என்கிறது. அந்த நிற்றலில் உள்ள நெஞ்சத் துடிப்பு எந்த ஓட்டத்துக்கும் குறைந்ததன்று.

ஒரே பெயருக்குள்ளேயே சான்று வேண்டுவோருக்கு டூம் வரிசையே போதும். 2016-இல் வந்த டூம், வீரனுக்கு அந்தரத்தில் இரண்டாம் தாவலைத் தந்தது. 2020-இல் வந்த 'டூம் எடர்னல்' நினைத்த திசையில் சட்டென்று பாயும் ஆற்றலைச் சேர்த்தது. 2025-இல் வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்' இரண்டாம் தாவலை எடுத்துவிட்டுக் கையில் கேடயத்தைக் கொடுத்து, நின்று தாங்கு என்றது. அதே வீரன், அதே பூதங்கள். ஆனால் மூன்று வேறு போர்கள்.

நம் மாணவர்களில் பெரும்பாலோர் ஆடுவது கைப்பேசியில். 2019 அக்டோபரில் வந்த 'கால் ஆஃப் டியூட்டி: மொபைல்' ஆட்டத்தில் எளிய முறை என்று ஒன்று வைத்தார்கள். குறி எதிரியின் மேல் பட்டவுடன் துப்பாக்கி தானே சுடும். அப்படியானால் ஆட்டம் செத்துப்போயிற்றா? இல்லையே! எங்கே நிற்பது, எந்த மூலையிலிருந்து எட்டிப் பார்ப்பது, எப்போது பின்வாங்குவது என்பன அப்படியே நிற்கின்றன. சுடுவதைப் பொறியிடம் கொடுத்த பிறகும் ஆட்டம் உயிரோடு இருக்கிறது. நடப்பதையும் பொறியிடம் கொடுத்துவிட்டால் எஞ்சுவது வெறும் வேடிக்கை பார்த்தல்தான்.

இந்தக் கேள்வி கற்பனை அன்று. 2024-இல் சில விசைப்பலகைகள் புதிய வசதியோடு வந்தன. இடம், வலம் ஆகிய இரு விசைகளும் ஒருசேர அழுந்தியிருந்தால், கடைசியாக அழுத்தியதையே பலகை ஏற்றுக்கொள்ளும். முதல் விசையிலிருந்து விரலை எடுக்க வேண்டிய தேவையே இல்லை. கவுண்டர்-ஸ்டிரைக் வீரர்கள் ஆண்டுக்கணக்கில் பழகிய அந்த நிற்றலைப் பலகை பிழையின்றிச் செய்துவிடுகிறது. அவ்வாண்டு ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் தன் அதிகாரபூர்வ ஆட்டக்களங்களில் இத்தகைய தானியங்கி உதவியைத் தடை செய்தது.

இத்தடையை நான் ஆதரிக்கிறேன். 'நல்ல மவுஸ் வாங்கலாம், நல்ல திரை வாங்கலாம். நல்ல விசைப்பலகை மட்டும் ஆகாதா?' என்று கேட்கலாம். நல்ல மவுஸ் என் கை செய்வதைத் துல்லியமாகச் சொல்கிறது. இப்பலகையோ என் கை செய்யாததைச் செய்ததாகச் சொல்கிறது. பழக்கத்தால் பெற வேண்டிய திறனைப் பணத்தால் பெறலாம் என்ற நிலை வந்தால், முதலில் தோற்பவன் பழைய விசைப்பலகையோடு போராடும் ஏழை மாணவனே.

இதற்கு எதிராக வைக்கத்தக்க வலுவான வாதம் ஒன்றே. கை, விரல் இயக்கம் குன்றியோருக்குக் கருவியின் உதவி தேவையன்றோ? தேவைதான், அதில் இரு கருத்துக்கு இடமில்லை. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2018-இல் அத்தகையோருக்கென்றே பெரிய பொத்தான்கள் கொண்ட கருவியை வெளியிட்டது. அது ஆடுபவனின் முடிவை ஆட்டத்துக்குக் கொண்டு சேர்க்கிறது. முடிவை அவனுக்குப் பதிலாகத் தான் எடுப்பதில்லை. விதி வகுப்போர் இந்த வேறுபாட்டைக் கருத்தில் கொண்டு, தேவைப்படுவோருக்கு வாயில் திறந்துவைக்க வேண்டும். அனைவருக்கும் நடையை விலைக்கு விற்பது அதற்கு விடையாகாது.

எனவே, ஆசிரியப் பெருமக்களே, இத்தகைய ஆட்டம் ஒன்றைக் குறைகூறும் முன் அதில் வீரன் எப்படி நடக்கிறான் என்று ஒருமுறை கவனியுங்கள். அங்கே கணக்கும் உண்டு, கருத்தும் உண்டு. கணிப்பொறித் துறை நண்பர்களே, நாளை நீங்கள் ஓர் ஆட்டத்தைப் படைக்க முற்பட்டால், ஆயுதப் பட்டியலை ஒதுக்கி வையுங்கள். வெற்று அறை ஒன்றில் வீரனை நிறுத்தி, நடக்கவிட்டுப் பாருங்கள். எதிரியே இல்லாத அந்த அறையில் நடப்பது இன்பமாக இருந்தால், பாதி ஆட்டம் முடிந்தது என்று கொள்ளலாம்.