விஷவாயு என்று சொல்லி முடித்துவிடாதே தம்பி

நேற்று சாயங்காலம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். மகள் எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டாள், கார்பன் மோனாக்சைடை வைத்து ஆராய்ச்சி செய்யப் போகிறாளாம். "சார், அது விஷவாயுன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க? வேண்டாம்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றான்.

சொல்ல மாட்டேன். இப்படி நினைப்பவன் அவன் ஒருவன் இல்லை என்பதால் காரணத்தை இங்கேயே எழுதுகிறேன்.

விஷம்தான். நிறமில்லை, மணமில்லை. ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கிப் பிடிக்கும். பூட்டிய அறைக்குள் கரியடுப்போ ஜெனரேட்டரோ இருந்தால் தூக்கத்திலேயே உயிர் போய்விடும். இதை வகுப்பில் சொன்னேன். இதோடு நிறுத்திக்கொண்டதுதான் என் தப்பு.

மெத்தனாலோடு இதே வாயுவைச் சேர்த்துத்தான் உலகின் அசிட்டிக் அமிலத்தில் பெரும்பகுதி தயாராகிறது. 1990-ல் ஜப்பானின் ஒசாகாவில் இல்யோங் ரியூ, நோபோரு சோனோடா குழுவினர் இன்னொரு வழி காட்டினார்கள். இணையில்லாத எலக்ட்ரானோடு தவிக்கும் கார்பன் தனி உறுப்பு, இந்த வாயுவைப் பிடித்து அசைல் உறுப்பாகிறது. அது டின் ஹைட்ரைடிடம் ஒரு ஹைட்ரஜனை வாங்கி ஆல்டிஹைடாகிறது. சங்கிலியில் ஒரு கார்பன் கூடிவிட்டது, அதுவும் மருந்து வேதியியலுக்கு வேண்டிய கார்பனைலாக! பிடித்த வாயுவை அந்த உறுப்பு திரும்ப விட்டுவிடவும் கூடும். அதனால்தான் அதிக அழுத்தம் தேவைப்பட்டது.

"அப்போ ஆபத்துதானே?" என்பாய். டென்மார்க்கில் ஸ்க்ரிட்ஸ்ட்ரப் குழு 2011-ல் அதற்கும் ஒரு பதில் தந்தது: மூடிய, இரண்டு அறைக் கண்ணாடிக் கலம். ஓர் அறையில் திடப்பொருளிலிருந்து தேவையான அளவு வாயு மட்டும் உண்டாகும். அடுத்த அறையில் அது வினைபுரிந்து தீரும். வாயு சிலிண்டரே வேண்டாம். பயந்து ஓடியவர்கள் கண்டுபிடித்ததல்ல இது.

நம்மூர் பாடலாத்ரி நரசிம்மர் உக்கிர மூர்த்திதான். அதற்காக யாராவது ஊரைக் காலி செய்தோமா? மலையையே சுற்றி வந்து கும்பிடுகிறோம். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிப் புகையோடு இதே வாயுவைத் தினமும் சுவாசிக்கிறோம். அதற்கு மட்டும் நமக்குப் பயமில்லை. பெண் பிள்ளை ஆய்வகத்துக்குப் போகிறேன் என்றால்தான் பயம் வருகிறது!

தம்பி, மகளிடம் இரண்டு கேள்வி கேள். அங்கே புகைபோக்கிப் பெட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா? வாயு கசிந்தால் கத்துகிற கருவி இருக்கிறதா? இல்லையென்றால் வேறு ஆய்வகம் தேடச் சொல். இருக்கிறதென்றால் ரயிலேற்றி அனுப்பிவை.

இன்றும் பாடம் நடத்தும் ஆசிரிய நண்பர்களே, அந்த விஷத்தைச் சொல்லுங்கள். கையாளும் விதத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாதியோடு நிறுத்தியதன் பலனை நேற்று போனில் கேட்டவன் சொல்கிறேன்.