முதல் பக்கத்தில் மந்திரம் எதற்கு?

ஒருவனுக்கு ஒரு விஷயம் விளங்கவில்லையென்றால், உடனே அவனுக்கு மூளை போதாது என்று சொல்லிவிடுவது நமது நாட்டில் வெகு காலமாய் நடந்துவரும் வழக்கமாகும். சொன்னவர் விளங்கும்படியாகச் சொன்னாரா என்று எவரும் கேட்பதில்லை. புரோகிதர் சொல்லும் மந்திரம் விளங்காவிட்டால் கேட்பவனுக்குப் பக்குவம் இல்லை என்பார்கள். கிரயப் பத்திரத்தின் பாஷை விளங்காவிட்டால் குடியானவனுக்குப் படிப்பில்லை என்பார்கள். இவற்றைப்பற்றி நாம் எவ்வளவோ பேசியும் எழுதியும் வந்திருக்கிறோம். ஆனால் இதே வியாதி, அறிவின் வேலை என்று நாம் கொண்டாடுகிற கம்ப்யூட்டர் தொழிலிலும் புகுந்திருப்பதைக் கண்ணாரக் கண்டதால் இதை எழுத முன்வந்தோம்.

சங்கதி என்னவென்றால், கோவை உக்கடத்தில், 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் திறக்கப்பட்ட மேம்பாலத்திற்குச் சமீபமாக, நமது தோழர்கள் நடத்தும் படிப்பகத்தில் பழைய கம்ப்யூட்டர்கள் இரண்டை வைத்து, மாலை வேளையில் பிள்ளைகளைப் பழக விட்டிருக்கிறோம். அதில் ஒரு பையன், மீன் மார்க்கெட்டில் பெட்டி சுமக்கும் தொழிலாளியின் மகன், வலைத்தளம் கட்டும் வேலையைத் தானே கற்றுக்கொள்வதென்று புறப்பட்டான். அதற்கு 'பிரேம்வொர்க்' என்று ஒன்று வேண்டும். அது என்னவென்று தெரியாத தோழர்களுக்கு ஓர் உதாரணம் சொல்லுகிறோம். கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிறவர்கள் எஞ்சினையும் சக்கரத்தையும் தாங்களே வார்ப்பதில்லை. சேஸிஸ் வந்து சேருகிறது; அதன்மேல் பாடியைக் கட்டுகிறார்கள். வலைத்தளத்திற்கு அந்தச் சேஸிஸ்தான் பிரேம்வொர்க். எந்த விலாசம் கேட்டால் எந்தப் பக்கத்தைக் கொடுப்பது, விவரங்களை எங்கே சேமிப்பது, யாரை உள்ளே விடுவது ஆகிய பொது வேலைகளையெல்லாம் அது முன்கூட்டியே செய்து வைத்திருக்கும். இவற்றில் பல திறமூலமானவை. அதாவது, உள்ளே இருக்கும் எழுத்து முழுவதையும் யார் வேண்டுமானாலும் காசு கொடாமல் எடுக்கலாம், படிக்கலாம், திருத்தலாம். இது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நாம் மறுக்கவில்லை.

நிற்க. அந்தப் பையன் எடுத்த ஒரு பிரேம்வொர்க்கின் விளக்க ஏட்டில் முதல் பக்கம் எப்படி ஆரம்பிக்கிறதென்றால், 'டெர்மினலைத் திறந்து இந்த வரியை அடித்துவிட்டால் போதும், வெகு சுலபம்' என்று ஆரம்பிக்கிறது. டெர்மினல் என்பது என்ன, அது எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு வார்த்தைகூட இல்லை. அடிக்க வேண்டிய வரியின் தலையில் ஒரு டாலர் குறி இருந்தது. பையன் கண்ணில் கண்டபடியே டாலரையும் சேர்த்து அடித்தான். அப்படி ஒரு கட்டளை இல்லை என்று கம்ப்யூட்டர் சொல்லிற்று. மூன்று மாலை வேளைகள் இப்படியே போயின. நான்காம் நாள் அவன் என்னிடம் வந்து, "அண்ணா, இதெல்லாம் நமக்கு வராதுங்ணா. அதுக்குன்னு பொறந்தவங்களுக்குத்தான் வரும்" என்றான்.

தோழர்களே! அவனுக்கு வந்த தடை ஒரேயொரு டாலர் குறி. சிலவகைக் கம்ப்யூட்டர்கள், 'நான் தயார், கட்டளையை அடி' என்பதற்கு அடையாளமாகத் தாமாகவே காட்டும் குறி அது. மனிதன் அடிக்க வேண்டியதல்ல. அவன் முன்னிருந்த விண்டோஸ் கம்ப்யூட்டரில் அந்தக் குறியே வராது. இதை ஏட்டில் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டதன் பலன் என்ன? 'குறிப்பில் ஒரு வரி விட்டுப்போயிற்று' என்று அவன் நினைக்கவில்லை. 'நான் பிறந்த பிறப்பு இதற்கு லாயக்கில்லை' என்றே நினைத்தான். தலைவிதியை எந்தக் கோயிலிலும் போய் அவன் கற்றுக்கொள்ளவில்லை. ஓர் அறிவுத் தொழிலின் முதல் பக்கத்தில் கற்றுக்கொண்டான். நாமும் சில வருஷங்களுக்கு முன் பணம் கட்டிப் படிக்கப்போன ஓரிடத்தில் இதே டாலரை அடித்துவிட்டு, சொல்லிக்கொடுத்தவர் சிரித்ததனால் ஒரு மாதம் அந்தப் பக்கமே தலைவைக்காமல் இருந்தோம். ஆதலால் அந்தப் பையனின் மனம் நமக்கு நன்றாய் விளங்கிற்று.

இதில் யாரோ சூழ்ச்சி செய்தார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. வேதத்தைப் பிறர் படிக்கக் கூடாதென்று வேண்டுமென்றே தடுத்தார்கள். இங்கே அப்படியல்ல. கதவை அகலத் திறந்துதான் வைத்திருக்கிறார்கள். ஆனால் வாசலுக்குப் படிக்கட்டு கட்டாமல் விட்டுவிட்டார்கள். காரணம் என்னவென்றால், ஒரு விஷயத்தை அறிந்துகொண்டவனுக்குத் தான் அறியாதிருந்த காலம் மறந்துபோகிறது. பத்து வருஷமாய் டெர்மினலில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு அந்த டாலர் தெரிவதேயில்லை. ஆனால் நோக்கம் எதுவாயிருந்தாலும், வெளியில் நிற்பவன் வெளியிலேயே நிற்கிறான் அல்லவா?

இதைச் சரியாகச் செய்ய முடியாதென்று சொல்லவும் இடமில்லை. 'ஜாங்கோ' என்னும் பிரேம்வொர்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் கான்சாஸ் மாகாணத்து லாரன்ஸ் நகரில் ஒரு தினப்பத்திரிகை ஆபீசில், 2003ஆம் ஆண்டில், செய்திப் பக்கங்களை வேகமாகக் கட்டுவதற்காக அது பிறந்தது. 2005 ஜூலையில் பொதுவுக்கு விடப்பட்டது. அதன் ஆரம்ப வடிவத்தில், ஆசிரியன் ஓரிடத்தில் எழுதி வைத்தது வேறோர் இடத்திலிருந்து தானாக முளைத்தாற்போல் வந்து நிற்கும். காரணம் கண்ணுக்குத் தெரியாமல் காரியம் மாத்திரம் நடப்பதற்கு அந்தத் தொழிலாளர்களே 'மாஜிக்' என்று பெயரிட்டு, அது ஒரு குறைபாடு என்று ஒப்புக்கொண்டு, 'மாஜிக் நீக்கம்' என்ற பெயராலேயே ஒரு வேலையை நடத்தி, 2006ஆம் ஆண்டில் அவற்றில் பெரும்பகுதியைக் களைந்தார்கள். மாயம் என்றால் கைகட்டிக் கும்பிடும் நாட்டிலிருந்து பார்க்கும்போது இது எவ்வளவு பாராட்டத்தக்க புத்தி!

அன்றியும், விளக்கம் எழுதுவதற்கு அவர்கள் வைத்திருக்கும் விதிகளில் ஒன்று, 'சுலபமாக', 'வெறுமனே', 'நேராக' என்பதுபோல் வேலையின் கஷ்டத்தைக் குறைத்துக்காட்டும் சொற்களைத் தவிர்க்க வேண்டும் என்பதாகும். சுலபம் என்று சொல்லப்பட்டது தனக்குச் சுலபமாயில்லாதபோது படிப்பவன் மனமுடைவான் என்பதே காரணம். நமது உக்கடத்துப் பையன் முடங்கியதற்கு மருந்து அந்த விதியில் இருக்கிறது.

இன்னொரு விஷயம்: அவர்கள் ஏட்டை நான்காகப் பிரித்திருக்கிறார்கள். கோவையில் மோட்டார் காயில் கட்டும் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். புதிதாய்ச் சேர்ந்த பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு காயிலை முதலிலிருந்து கடைசிவரை கட்டவைப்பது ஒன்று. மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை, என்ன செய்வது என்பது இரண்டாவது. இத்தனை குதிரைச் சக்திக்கு இன்ன கேஜ் கம்பி, இத்தனை சுற்று என்னும் அட்டவணை மூன்றாவது. மின்சாரம் ஏன் தண்டைச் சுற்றுகிறது என்னும் விளக்கம் நான்காவது. நான்கும் வேண்டியதுதான். ஆனால் முதல் நாள் வந்தவன் கையில் அட்டவணையைக் கொடுத்துவிட்டு, 'எல்லாம் இதில் இருக்கிறது, படித்துக்கொள்' என்றால் அவன் மறுநாள் பட்டறைக்கு வருவானா? பெரும்பாலான ஏடுகள் செய்கிற தப்பு இதுதான்.

அதே ஜாங்கோவுக்காக 2014ஆம் ஆண்டில் ஓலா சிதார்ஸ்கா, ஓலா சென்டெக்கா என்னும் இரு பெண்கள் பெர்லின் நகரில் 'ஜாங்கோ கேர்ல்ஸ்' என்ற பயிற்சியைத் தொடங்கினார்கள். அவர்களுடைய பாட ஏடு, இன்டர்நெட் என்பது எப்படி நடக்கிறது, கட்டளை அடிக்கும் கறுப்புத் திரை என்பது என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்கிறது. இதுவரை ஒரு வரிகூட நிரல் எழுதாத பெண்ணை முன்னால் நிறுத்திக்கொண்டு எழுதப்பட்டது அது. அது பல பாஷைகளில் பெயர்க்கப்பட்டுப் பல தேசங்களில் பெண்களுக்குப் பயன்பட்டு வருகிறது. பெண்களுக்குக் கம்ப்யூட்டர் வராது என்று சொன்னவர்களுக்கு அதைவிட நல்ல பதில் வேறென்ன?

இனி, இதற்குச் சொல்லப்படும் ஆட்சேபணைகளைக் கவனிப்போம்.

முதலாவது, 'நம் ஊர் ஜி. டி. நாயுடு யார் சொல்லிக்கொடுத்தும் கற்கவில்லையே. ஓட்டலில் வேலை செய்து சேர்த்த பணத்தில் மோட்டார் சைக்கிள் வாங்கி, கழற்றி மாட்டித் தானே கற்றாரே' என்கிறார்கள். உண்மைதான். ஆனால் ஆற்றை ஒருவன் நீந்திக் கடந்துவிட்டான் என்பதால் பாலம் வேண்டாம் என்பது என்ன நியாயம்? மேலும், நாயுடுவால் மோட்டார் சைக்கிளைக் கழற்ற முடிந்தது. பாகங்கள் கண்ணுக்குத் தெரிந்தன. கம்ப்யூட்டருக்குள் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. அங்கே எழுத்துதான் கண்.

இரண்டாவது, 'எளிமையாக்கினால் தரம் கெட்டுவிடும்' என்கிறார்கள். 1935இல் 'குடி அரசு' எழுத்துச் சீர்திருத்தத்தைக் கைக்கொண்டபோதும் தமிழே போய்விடும் என்று கூக்குரலிட்டார்கள். 1978இல் சர்க்காரே அதை ஏற்றது. தமிழ் போய்விட்டதா? குழந்தை மனப்பாடம் செய்ய வேண்டிய வடிவங்கள்தான் குறைந்தன.

மூன்றாவது, 'இங்கிலீஷ் தெரிந்தால்தானே இந்த வேலை' என்கிறார்கள். கட்டளைச் சொற்கள் இங்கிலீஷாகவே இருக்கட்டும். பையன் அதையும் கற்கட்டும். ஆனால் முதற்படி அவன் அறிந்த பாஷையில் இருந்தால்தான் இரண்டாம் படிக்கு வருவான். 2012 முதல் 'கணியம்' மின்னிதழும் அதைச் சார்ந்தோரும் 'எளிய தமிழில்' என்ற வரிசையில் இத்தகைய புத்தகங்களை இலவசமாகவே கொடுத்து வருகிறார்கள். அது நடக்கக்கூடிய காரியம் என்பதற்கு அதுவே சாட்சி.

நான்காவது, 'இப்போது செயற்கை அறிவு யந்திரத்தைக் கேட்டால் பதில் சொல்லிவிடுகிறதே, ஏடு எதற்கு' என்பது. அந்த யந்திரம் சொல்வதெல்லாம் மனிதர் எழுதி வைத்ததைப் படித்துப் பெற்றதே. ஏடு குறையாயிருந்தால் பதிலும் குறையாயிருக்கும். ஆரம்பக்காரனுக்கு எது சரி, எது பிசகு என்று தெரியாது. சரிபார்க்க ஏடில்லாமல் கேட்டதை அப்படியே நம்பினால், குறிகாரனிடம் போவதற்கும் அதற்கும் வித்தியாசமென்ன?

ஆகவே, யார் இதைத் திருத்துவது? நிபுணர்தான் திருத்த வேண்டுமென்று காத்திருக்க வேண்டியதில்லை. தடுக்கி விழுந்தவனுக்குத்தான் கல் எங்கே இருக்கிறதென்று தெரியும். ஆறு மாதம் போனால் அவனுக்கும் மறந்துபோகும். ஆதலால் விழுந்த அன்றே எழுதி வைக்க வேண்டும். அந்தப் பையனிடம், "தம்பி, நாளை முதல் எங்கெங்கே தடுக்கிற்றோ அங்கெல்லாம் நோட்டில் எழுது" என்று சொன்னோம். இரண்டு வாரத்தில் ஏழு இடங்களை எழுதினான். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, இரண்டு வரியில் திருத்தம் எழுதி, இங்கிலீஷ் தெரிந்த ஒரு தோழர் உதவியுடன் அந்த ஏட்டை நடத்துவோருக்கு அனுப்பினோம். நான்கை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். இரண்டைத் தாங்களே திருத்திக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். ஒன்றைக் காரணம் காட்டி மறுத்தார்கள். காரணம் சரியாயிருந்ததால் நாமும் ஒப்புக்கொண்டோம். மீன் பெட்டி சுமப்பவர் மகன் எழுதிய டாலர் விளக்கத்தை இன்று எந்தத் தேசத்துப் பிள்ளையும் படிக்கலாம். 'நமக்கு வராது' என்ற பேச்சை அவன் அதற்குப் பிறகு பேசவில்லை.

தோழர்களுக்கு நாம் சொல்வது இவ்வளவுதான். படிப்பகம் இருக்கும் ஊர்களிலெல்லாம் கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வையுங்கள். விளங்காததை வெட்கப்படாமல் எழுதச் சொல்லுங்கள். தொழில் தெரிந்த தோழர்கள் வாரத்தில் ஒரு மணி நேரம் வந்து, ஒன்றும் தெரியாத ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, வாய் திறவாமல் அவர் எங்கே திணறுகிறார் என்று மட்டும் பாருங்கள். பிறகு அந்த இடத்தைத் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதுங்கள். எழுதியதை இன்னொரு புதியவரிடம் கொடுத்துப் பாருங்கள். அவர் தாண்டிவிட்டால் சரி, தாண்டாவிட்டால் குறை ஏட்டில்தான் இருக்கிறதென்று வைத்துக்கொண்டு மறுபடியும் எழுதுங்கள். உக்கடம் படிப்பகத்தில் ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்கு நமது நோட்டு மேஜைமேல் இருக்கும். வருகிறவர்கள் தங்களுக்கு விளங்காததைக் கொண்டு வாருங்கள்.