தானாக முடிவெடுக்கும் ராணுவக் கருவிகளின் கொள்முதல்: எங்கள் நிலைப்பாடு

இந்திய ராணுவத்துக்கு ட்ரோன் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பனிமலைக் காவல்நிலைகளுக்கு உணவும் மருந்தும் சுமக்கும் ட்ரோன்கள் வீரர்களின் உயிரைக் காக்கும். ஆனால் பீரங்கி வாங்கும் அதே முறையில், தானாக முடிவெடுக்கும் கருவிகளையும் வாங்குவதை எதிர்க்கிறோம்.

2025 பிப்ரவரியில், 400 சரக்கு ட்ரோன்களுக்கான மூன்று ஒப்பந்தங்களைப் பாதுகாப்பு அமைச்சகம் ரத்து செய்தது. மதிப்பு சுமார் 230 கோடி ரூபாய். சீன எல்லையில் பறக்க வேண்டிய அவற்றில் சீன உதிரிபாகங்கள் இருப்பதாக எழுந்த புகாரே காரணம். கையெழுத்திட்ட பிறகுதான் இந்த விழிப்பு வந்தது. வெளிக்கூட்டில் ‘இந்தியத் தயாரிப்பு’ என்றிருக்கும். உள்ளே உள்ள கட்டுப்பாட்டுப் பலகையும் மோட்டாரும் பேட்டரியும் எந்த நாட்டவை என்பது பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

மென்பொருளில் சிக்கல் இன்னும் பெரிது. களச் சோதனையில் தேறிய ட்ரோனில் மறுமாதமே புதிய மென்பொருளை ஏற்றினால், முந்தைய சான்றிதழுக்கு என்ன மதிப்பு? எதிரியின் ஜாமரால் இயக்குபவருடன் தொடர்பு அறுந்தால், அது திரும்பி வருமா, தரையிறங்குமா, இலக்கைத் தானே தேடிப் போகுமா? உக்ரைன் போர்முனையில் இது அன்றாடப் பிரச்சினை. ஜாமருக்குத் தப்ப அங்கே வாரக்கணக்கில் மாற்றங்கள் நடக்கின்றன. நம் கொள்முதலோ ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது. வேகம் தேவைதான். அதற்காகச் சோதனையைக் கைவிட முடியாது.

ஆகவே அரசிடம் நாங்கள் கோருவது:

1. விலைப்புள்ளியைத் திறக்கும் முன்பே, முக்கிய உதிரிபாகங்கள் எங்கு தயாரானவை என்பதைச் சுயேச்சையான ஆய்வகம் பிரித்துப் பார்த்துச் சான்றளிக்க வேண்டும்.

2. மூல நிரலைப் பார்க்கவும் திருத்தவும் ராணுவத்துக்கு உரிமை வேண்டும். விற்ற நிறுவனம் கைமாறினாலும் மூடப்பட்டாலும் அந்த உரிமை நீடிக்க வேண்டும்.

3. கருவியின் நடத்தையை மாற்றும் ஒவ்வொரு மென்பொருள் மாற்றத்துக்கும் மறுசோதனை கட்டாயம். அதற்கான செலவும் கால அவகாசமும் ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும்.

4. உயிரைப் பறிக்கும் தாக்குதலுக்கு உத்தரவிட்ட அதிகாரி யார் என்பது பதிவாக வேண்டும். ஆயுதப் பயன்பாட்டில் மனிதரின் தீர்ப்புக்கு இடமிருக்க வேண்டும் என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2012-இல் உத்தரவிட்டு, 2023-இல் அதைப் புதுப்பித்தது. இந்தியாவும் தன் விதியை வெளிப்படையாக அறிவிக்கட்டும்.

தானாக முடிவெடுக்கும் ஆயுதங்கள் குறித்து 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் 152 நாடுகள் ஆதரித்த தீர்மானத்தை இந்தியா எதிர்த்து வாக்களித்தது. ஜெனீவாவில் நடக்கும் மரபு ஆயுத ஒப்பந்தப் பேச்சுகளே இதற்கு உரிய இடம் என்பது அரசின் வாதம். அங்கே உடன்பாடு வரும்வரை கொள்முதல் காத்திருக்கப் போவதில்லை. எனவே இப்போதைக்குக் கட்டுப்பாடு விதிக்கக்கூடிய ஒரே இடம் ஒப்பந்தப்புள்ளிதான். அதன் நிபந்தனைகளை இன்றே திருத்துங்கள்.